மிதக்கும் துலாக்கோல்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டன் மாநகரத்துப் பீர் ஆலைகள் இங்கிலாந்தின் மிகப் பெரிய தொழில் நிலையங்களுள் எண்ணப்பட்டன. ஆண்டுதோறும் பல்லாயிரம் பீப்பாய்களை நிரப்பி, தெருத்தோறும் இருந்த மதுக்கடைகளைத் தம் கடன்பிடியில் வைத்திருந்த அவ்வாலை முதலாளிகள், பார்லிமெண்டில் அங்கம் வகித்தும், பெயர்பெற்ற ஓவியர்களை அழைத்துத் தம் உருவங்களை வரையச் செய்தும், பிரபுக்களுக்குச் சமமாக வாழ்ந்து வந்தார்கள். ஆயினும், அத்தனை செல்வத்துக்கும் மூலமாக இருந்த ஒரு விஷயத்தில் அவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டே தொழில் நடத்தினார்கள் என்று சொல்வது மிகையாகாது. விலை கொடுத்து வாங்கிய தானியத்தின் சத்தில் எவ்வளவு பீப்பாய்க்குள் சென்றது, எவ்வளவு சக்கையோடு சேர்ந்து மாட்டுத் தீவனமாகப் போயிற்று என்பதை எண்ணால் எடுத்துரைக்கக்கூடியவர் அவர்களுள் ஒருவரும் இல்லை.

பீர் உண்டாகும் விதம் நம்மவர்க்குப் பழக்கமானதன்று. ஆதலால் அதனைச் சுருக்கமாகக் கூறிவிடுதல் நலம். வாற்கோதுமையை நனைத்து முளைவிடச் செய்து சூளையில் உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. அதனை நொறுக்கி, கொதி நிலைக்குக் கீழான வெந்நீரில் சில நாழிகை ஊறவைத்தால், தானியத்தின் மாவு சர்க்கரையாக மாறி நீரில் கரைகிறது. வடித்தெடுத்த அந்தத் தித்திப்பான சாறுதான் ஆங்கிலேயர் ‘வோர்ட்’ என்று வழங்குவது. அதை ஹாப் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்து வைத்தால், சர்க்கரை புளித்துச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. சாற்றில் சர்க்கரை எவ்வளவோ அவ்வளவே பீரின் வலு. பழைய வழக்கப்படி ஒரே மால்ட்டின்மீது இரண்டு மூன்று முறை வெந்நீர் ஊற்றி வடித்து, முதல் சாற்றை வலுவான பீராகவும், கடைசியில் வந்த நீர்த்த சாற்றை வேலைக்காரரும் குழந்தைகளும் பருகும் சிறு பீராகவும் ஆக்கினார்கள். முதல் வடிப்பை எவ்விடத்தில் நிறுத்துவது, இரண்டாவதை எவ்வளவு நீட்டுவது என்பதெல்லாம் தலைமைக் காய்ச்சுபவனின் நாவுக்கும் விரலுக்கும் விடப்பட்டிருந்தன. நம் வீட்டுப் பெரியவர்கள் வெல்லப்பாகை இரு விரலிடையே இழுத்துக் கம்பிப் பதம் பார்ப்பது போல, அவன் சாற்றின் பிசுபிசுப்பைத் தடவிப் பார்த்தே முடிவு சொன்னான்.

கையறிவை நான் இகழ்ந்து பேசவில்லை. தலைமுறை தலைமுறையாய்ப் பழகிய விரல், நேற்றைய சாற்றுக்கும் இன்றைய சாற்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலும் சரியாகவே உணர்ந்திருக்கும். ஆனால், அந்த வேறுபாடு எத்தனை என்று அது சொல்லாது. சென்ற ஆண்டுச் சாற்றை நினைவில் வைத்திருக்கவும் அதனால் இயலாது. தேனில் மது செய்தவர்கள் இதைவிடச் சற்று நுட்பமான ஓர் உபாயத்தைக் கையாண்டார்கள். ஸர் கெனெல்ம் டிக்பி என்னும் பிரபுவின் பெயரால் 1669-இல் வெளிவந்த சமையற் புத்தகத்தில், தேன்நீரில் கோழிமுட்டை ஒன்றை இட்டு, அது மிதக்கும்போது மேலே தெரியும் பகுதி ஒரு வெள்ளிக்காசின் அகலம் இருந்தால் பதம் சரி என்று கொள்ளும் முறை காணப்படுகிறது. இடைக்காலப் பரிசோதகர்கள் பெஞ்சின்மீது பீரைக் கொட்டி, தோல் நிஜார் அணிந்து அதன்மேல் உட்கார்ந்து, எழும்போது ஒட்டுகிறதா என்று பார்த்து வலுவை நிர்ணயித்தார்கள் என்றொரு கதை அடிக்கடி சொல்லப்படுவதுண்டு; அக்காலத்து ஆவணச் சான்று எதுவும் அதற்கு இல்லை, சிரித்துவிட்டு மேலே செல்லலாம். முட்டையின் விஷயம் அப்படியன்று. திரவம் கனக்கக் கனக்க அதில் மிதக்கும் பொருள் மேலெழும் என்ற ஆர்க்கிமிடீஸின் தத்துவமே அதில் அடங்கியிருக்கிறது.

அத்தத்துவத்தை ஒரு கருவியாக்கும் எண்ணமும் புதியதன்று. கி.பி. 400-ஐ ஒட்டிய காலத்தில் சைரீன் நகரத்து சினேசியஸ் என்பவர் அலெக்ஸாந்திரியாவின் கணித மேதையான ஹைபேஷியா அம்மையாருக்கு எழுதிய கடிதமொன்றில், கோடுகள் கீறிய குழல் ஒன்றைச் செய்வித்து அனுப்பும்படி வேண்டி, அதன் அமைப்பையும் விவரித்திருக்கிறார். நீரில் செங்குத்தாக மிதந்து அதன் கனத்தைக் காட்டும் திரவமானிதான் அது. ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1675-இல், ராபர்ட் பாயில் கள்ள நாணயங்களைக் கண்டறிவதற்காக இத்தகைய கருவி ஒன்றை வெளியிட்டார். 1720-களில் ஜான் கிளார்க் என்பவர் பிராந்தி முதலியவற்றின் வலுவை அளக்கச் செப்புக் குமிழில் எடைகளை மாட்டிப் பயன்படுத்தும் திரவமானியைச் செய்தார். அதன் வழித்தோன்றலாய் 1816-இல் சட்டம் ஏற்றுக்கொண்ட சைக்ஸ் கருவிதான் பிற்காலத்தில் நமது சென்னை மாகாணத்து ஆப்காரி அதிகாரிகள் சாராயத்தைச் சோதிக்கக் கையில் எடுத்துச் சென்றது. பால்காரரோடு வழக்காடுவதற்கு நாம் நாடும் லாக்டோமீட்டரும் இக்குலத்தைச் சேர்ந்ததே. சாராயக் கடைகளில் இத்தனை காலம் புழங்கிய கருவி பக்கத்திலிருந்த பீர் ஆலைக்குள் நுழைய ஏன் அரை நூற்றாண்டு தாமதித்தது என்று கேட்கத் தோன்றும். சாராயத்தின்மீது வரி வலுவைப் பொறுத்தது, ஆகையால் சர்க்கார் அதனை அளக்க வைத்தது. பீரின்மீது வரியோ அதன் விலையை வைத்து, வலுவான பீர், சிறு பீர் என்று இரண்டே வகுப்பாக விதிக்கப்பட்டது. அளக்கும்படி எவரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆலைக்காரர்களும் அளக்கவில்லை.

ஹாம்ப்ஷயரில் ஆல்டன் என்னும் சிற்றூரில் தகப்பனாரின் ஆலையில் தொழில் கற்றுக்கொண்டிருந்த ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்னும் இளைஞர்தான் இந்த நிலையை மாற்ற முற்பட்டவர். மைக்கேல் கோம்ப்ரூன் என்பவர் 1762-இல் வெளியிட்ட காய்ச்சற் சாஸ்திரம் உஷ்ணமானியின் பயனை விரிவாகப் பேசியிருந்த காலம் அது. பேவர்ஸ்டாக்கும் உஷ்ணமானி ஒன்றை வாங்கினார். ஆனால் புதுமைகளை வெறுத்த தந்தையின் கண்ணில் படாதபடி அதை ஒளித்து வைத்தே ஆலையில் பிரயோகிக்க வேண்டியிருந்தது. பிறகு 1760-களின் இறுதியில், லண்டன் ஃப்ளீட் தெருவில் விஞ்ஞான உபகரணங்கள் விற்றுவந்த பெஞ்சமின் மார்ட்டினிடமிருந்து திரவமானி ஒன்றைப் பெற்று, சாற்றில் மிதக்கவிட்டுப் பார்த்துக் குறிப்பெடுக்கத் தொடங்கினார். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படிச் சோதித்த பின், தாம் கண்டதைத் தலைநகரத்துப் பெரிய முதலாளிகளுக்கு அறிவிக்கலாம் என்று 1770-இல் சிஸ்வெல் தெருவுக்குச் சென்று சாமுவேல் விட்பிரெட்டைச் சந்தித்தார். விட்பிரெட் அவரை ஊருக்குத் திரும்பிப் போய்த் தொழிலைக் கவனிக்கும்படியும், இத்தகைய கனவுகளை விட்டுவிடும்படியும் புத்தி சொல்லி அனுப்பினாராம். பேவர்ஸ்டாக்கின் மகன் 1824-இல் தகப்பனாரின் நூல்களைத் தொகுத்து வெளியிட்டபோது இவ்வரலாற்றைப் பதிவு செய்திருக்கிறார். இதே விட்பிரெட்தான் 1785-இல் போல்டன், வாட் கம்பெனியாரின் நீராவி எந்திரத்தைத் தமது ஆலையில் நிறுவி, இரண்டாண்டு கழித்து அதனைக் காண அரசரையே வரவேற்றவர் என்பதை நினைத்தால், அவரைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிட முடியவில்லை. எந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு சிறு கருவி, தன் ஆலையில் இத்தனை காலம் நடந்துவந்த சேதத்தைச் சொல்லப்போகிறது என்பது அவ்வளவு இனிப்பான செய்தியாய் இருந்திராது. சதர்க்கிலிருந்த ஆங்கர் ஆலையின் முதலாளி ஹென்றி த்ரேல் மாறான குணம் படைத்தவர். அகராதி தொகுத்த டாக்டர் ஜான்ஸனின் நெருங்கிய நண்பராகிய அவர் ஆல்டன் இளைஞரை ஆதரித்து, அவர் முறையைத் தம் ஆலையில் சோதிக்கச் செய்தார்.

பேவர்ஸ்டாக் திரவமானியை ஆலைக்குள் கொண்டுவந்தார். அதற்குத் தொழிலின் பாஷையைக் கற்பித்தவர் ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்ஸன். 1784-இல் வெளியிட்ட நூலில் அவர் தம் கருவிக்கு ‘சாக்கரோமீட்டர்’, அதாவது சர்க்கரைமானி, என்று பெயரிட்டு, அதன் கோலில் வெறும் ஒப்படர்த்தி எண்ணைக் குறியாமல், ஒரு பீப்பாய்ச் சாறு ஒரு பீப்பாய்த் தண்ணீரைவிட எத்தனை ராத்தல் அதிகம் நிறுக்கும் என்பதையே குறித்தார். பிற்கால இம்பீரியல் அளவையால் இதனை எளிதில் விளக்கலாம்: காலன் ஒன்றுக்குப் பத்து ராத்தலாக, 36 காலன் பீப்பாய்த் தண்ணீர் 360 ராத்தல், சாறு 380 ராத்தல் நின்றால், கனம் பீப்பாய்க்கு இருபது ராத்தல். காய்ச்சுபவன் மூட்டையிலும் ராத்தலிலும் கணக்குப் பார்ப்பவன். ஆகவே இந்த எண் அவனுக்குச் சட்டென்று புரிந்தது. சாஸ்திரக்காரர்கள் தண்ணீரை 1000 என்று வைத்துக்கொண்டு அதே சாற்றை 1055 அல்லது 1056 என்பார்கள். இரண்டும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன. ஆயினும் பிரிட்டிஷ் ஆலைகளில் ராத்தல் கணக்கு இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் வாழ்ந்திருந்தது.

கருவி முதலில் அம்பலப்படுத்தியது மால்ட்டின் இரகசியத்தை. லண்டன் மக்களுக்கு உயிராயிருந்த போர்ட்டர் என்னும் கரும் பீர், விறகுத் தீயில் கடுமையாக உலர்த்திய பழுப்பு மால்ட்டினால் செய்யப்பட்டது. பழுப்பு மால்ட்டின் விலை குறைவு. ஆகவே அதுவே லாபம் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். சாற்றை அளந்து பார்த்தபோதோ, மெல்லிய சூட்டில் உலர்ந்த வெளிர் மால்ட் விலை கூடினும் வெகுவாக மிகுந்த சத்தைக் கொடுப்பதும், பழுப்பின் மலிவு வெறும் தோற்றமே என்பதும் தெளிவாயின. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிர் மால்ட்டுக்கு மாறின. மாறவே போர்ட்டரின் கருநிறம் வெளுத்தது. வெளுத்ததை மறைக்கக் கருகிய சர்க்கரையும் அதைவிட மோசமான சரக்குகளும் கலக்கப்பட்டன. 1816-இல் சட்டம் அவற்றைத் தடுத்தது. மறு ஆண்டே டானியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுப்பது போன்ற உருளையில் மால்ட்டைக் கருக வறுக்கும் முறைக்குப் பேட்டண்ட் பெற்றார். அந்தக் கரிய மால்ட்டில் ஒரு கைப்பிடி சேர்த்தால் ஓர் அண்டா வெளிர்ச் சாறும் கறுத்துவிடும். இன்று ஸ்டௌட் என்று பருகப்படும் பானத்தின் நிறத்துக்கும் சுவைக்கும் மூலம், மிதக்கும் ஒரு கோல் காட்டிய கணக்கே.

இனி அளவின் துல்லியத்துக்கு வருவோம், இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. 1040 என்று காட்டவேண்டியது 1039 என்று காட்டினால், ஆயிரத்தில் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் 1000 என்பது தண்ணீரின் பங்கு. சத்துக்குரியது மேலேயுள்ள நாற்பது மட்டுமே. ஆகவே ஓர் எண் பிசகினால் சத்தில் நாற்பதில் ஒரு பங்கு பிசகிவிடுகிறது. கொதிகலத்திலிருந்து சூட்டோடு எடுத்த சாற்றில் இப்பிழை கட்டுக்கடங்காமல் போகும். கருவி 60 டிகிரி பாரன்ஹீட்டில் சரியாகக் காட்டும்படி செய்யப்பட்டது. சாறோ சூட்டில் விரிந்து இலேசாகிறது. 60 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் மிதக்கவிட்டால், ஆறியபின் 1050 இருக்கவேண்டிய சாறு ஏறக்குறைய 1034 என்று காட்டும். தானியத்தின் சத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆவியாய்ப் போனது போன்ற மயக்கம். இதனை அறிந்துதான் அக்காலத்துக் கருவிப் பெட்டிகளில் உஷ்ணமானி ஒன்றும், சூட்டுக்கு ஏற்ற திருத்தத்தை நகர்த்திப் பார்க்கும் மரக்கோல் ஒன்றும் உடன் வைத்தார்கள். அனுபவசாலிகள் திருத்தப் பட்டியலையும் அளவுக்கு மீறி நம்பாமல், சாற்றைச் சிறு பாத்திரத்தில் எடுத்துக் குளிர்நீரில் வைத்து ஆறவிட்டே அளந்தார்கள். இதில் அவர்கள் கட்சிதான் சரி என்பது என் அபிப்பிராயம். பத்து டிகிரி வேறுபாட்டைப் பட்டியல் நேர்மையாகத் தீர்க்கும், நாற்பது டிகிரி வேறுபாட்டைத் தீர்க்க அதற்குத் திராணி போதாது.

சர்க்காருக்குக் கருவியில் அக்கறை பிறந்தது ஏற்றுமதியால். கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்னைக்கும் கப்பலேறிய பீருக்கு, மால்ட்மீது ஏற்கெனவே செலுத்திய வரியில் ஒரு பகுதி திருப்பித் தரப்பட்டது; எவ்வளவு திருப்புவது என்பது அந்தப் பீர் புளிப்பதற்கு முன் எத்தனை கனத்த சாறாயிருந்தது என்பதைப் பொறுத்தது. துறைமுகத்தில் நிற்கும் பீப்பாயில் சர்க்கரையின் பெரும்பகுதி சாராயமாகிவிட்டது. சாராயமோ தண்ணீரைவிட இலேசானது. ஆகவே கோலை இட்டுப் பார்த்தால் அது பழைய கதையைச் சொல்லாது. இப்புதிரை அவிழ்க்கும்படி தாமஸ் கிரஹாம், ஹோப்மன், ரெட்வுட் என்னும் மூன்று ரசாயன சாஸ்திரிகள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அவர்கள் 1852-இல் அளித்த அறிக்கையின்படி, பீரைக் காய்ச்சிச் சாராயத்தைத் தனியே வாலைவடித்து, வடிந்ததையும் எஞ்சியதையும் பழைய அளவுக்குத் தண்ணீர் விட்டு நிரப்பி, இரண்டின் கனத்தையும் தனித்தனியே அளந்து, ஓர் அட்டவணையின் துணையால் இழந்த கனத்தை எஞ்சிய கனத்தோடு கூட்டினால், ஆதிச் சாற்றின் கனம் கிடைத்துவிடும். பிரதமர் கிளாட்ஸ்டன் 1880-இல், 1697 முதல் இருந்துவந்த மால்ட் வரியை அகற்றி, வரியைச் சாற்றின் மீதே விதித்தார்: 1057 கனமுள்ள 36 காலனுக்கு 6 ஷில்லிங் 3 பென்ஸ். கணக்கிட்டுப் பார்த்தால், ஆண்டுக்கு லட்சம் பீப்பாய் காய்ச்சும் ஆலையில் ஒரே ஓர் எண் பிசகினால் சுமார் 550 பவுன் கூடவோ குறையவோ செய்யும். முதலாளி தன் கருவியால் அளந்து புத்தகத்தில் எழுதவேண்டும். கலால் அதிகாரி எந்த நேரமும் வந்து தன் கருவியால் சரிபார்ப்பார். ஆல்டனில் தந்தைக்கு மறைத்து வைத்த உபகரணங்களின் வமிசம் இப்பொழுது சட்டத்தின் சாட்சியாகிவிட்டது. முதல் உலக யுத்தத்தில் தானியத்தை மிச்சப்படுத்த நினைத்த மந்திரிசபையும் இதே எண்ணைத்தான் பிடித்துக்கொண்டது. யுத்தத்துக்கு முன் சராசரி 1052 அளவில் இருந்த பிரிட்டிஷ் சாற்றின் கனம் யுத்த முடிவில் 1030 அளவுக்கு இறங்கிற்று. அதன்பின் ஓரளவு ஏறினாலும், பழைய நிலைக்கு அது திரும்பவே இல்லை.

ஐரோப்பாக் கண்டத்தில் வேறொரு வழி வகுக்கப்பட்டது. பிராகு நகரத்துப் பேராசிரியர் கார்ல் பாலிங் 1843-இல், நூறு பங்கு எடைச் சாற்றில் எத்தனை பங்கு சர்க்கரை என்று காட்டும் கோலை அமைத்ததோடு, 2.0665 கிராம் சத்து புளித்தால் 1 கிராம் சாராயமும் 0.9565 கிராம் கரியமில வாயுவும் 0.11 கிராம் ஈஸ்ட்டும் உண்டாகும் என்றும் கணித்தார். அடால்ப் பிரிக்ஸும் பின்னர் பிரிட்ஸ் பிளேட்டோவும் அந்தக் கோலுக்குரிய அட்டவணையை மேலும் நுட்பமாக்கினார்கள். செக் நாட்டு மதுச்சாலையில் இன்றும் ‘பத்து’ என்றும் ‘பன்னிரண்டு’ என்றும் கேட்டுப் பீர் வாங்குகிறார்களே, அவை இந்தச் சாற்றின் எண்கள்தாம். நமது சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாற்றுக்குப் ‘பிரிக்ஸ்’ பார்ப்பவர்களும் அதே பரம்பரையின் கோலையே பிடித்திருக்கிறார்கள்.

கருவி எத்தனை நுட்பமானாலும், ஒருமுறை பார்த்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி எஞ்சியே நின்றது. அதற்கு விடை கண்டவர் டப்ளின் கின்னஸ் ஆலையில் 1899-இல் சேர்ந்த வில்லியம் ஸீலி காஸெட். ஒரே மால்ட்டிலிருந்து மீண்டும் மீண்டும் சாறு எடுத்து அளந்தாலும் எண்கள் சற்றுச் சற்று மாறியே வந்தன. மால்ட் மூட்டைக்கு மூட்டை ஒன்றாய் இருப்பதில்லை, கையும் கருவியும் வேளைக்கு வேளை ஒன்றாய் இருப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட எடை மால்ட்டிலிருந்து 133 டிகிரி சத்து எதிர்பார்த்த ஆலைக்கு அரை டிகிரிக்கு மேற்பட்ட பிழை ஆகாது. எத்தனை முறை அளந்தால் போதும்? இரண்டு முறை அளந்து சராசரி கண்டால், பிழை அரை டிகிரிக்குள் அடங்குவதற்கு ஒன்றுக்கு நான்கு வாய்ப்பு என்றும், நான்கு முறை அளந்தால் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்றும், ஐந்து முறை அளந்தால் ஒன்றுக்குப் பத்தொன்பது என்றும் அவர் கணித்துக் காட்டினார். அதுவரை புள்ளியியல் நூறு, ஆயிரம் என்று குவித்த எண்களுக்கே விதி கூறிற்று. நான்கைந்து அளவைகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தவிப்பவனுக்கு அதனிடம் விடை இல்லை. காஸெட் லண்டனில் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்ஸனிடம் சென்று பயின்று, 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்னும் புனைபெயரில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். ஊழியரின் பெயர் வெளிப்படுவதைக் கம்பெனி விரும்பவில்லை. அக்கட்டுரையில் மால்ட்டைப் பற்றி ஒரு சொல்லும் வராமல், மூவாயிரம் குற்றவாளிகளின் விரல் நீளம் உதாரணமாக வருகிறது என்பது வேடிக்கை. இன்று மருந்து ஆராய்ச்சியிலிருந்து வயல்வெளிச் சோதனை வரை கையாளப்படும் ‘டி’ சோதனை என்பது, சாற்றின் சத்தை எத்தனை முறை அளப்பது என்ற ஆலைக் கவலையில் பிறந்ததுதான்.

வீட்டில் தனக்கென்று பீர் காய்ச்சிக்கொள்பவனும் 1880-இன் சட்டத்துக்குப் பின் பிரிட்டனில் லைசென்ஸ் வாங்கவேண்டியிருந்தது. 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்டு மாட்லிங் அதை நீக்கினார். அமெரிக்காவிலோ மதுவிலக்கு 1933-இல் ஒழிந்தபோதும் வீட்டுப் பீர் சட்டத்துக்கு வெளியிலேயே நின்றுவிட, 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதற்கு வழிவிட்டது. இவற்றின் பயனாய், ஒரு காலத்தில் பித்தளையில் கடைந்து பட்டுமெத்தைப் பெட்டியில் வைத்த கருவி, ஈயக்குண்டு இட்டு, காகிதக் கோல் செருகிய மலிவான கண்ணாடிக் குழலாகிச் சமையலறைக்குள் புகுந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் 1993-இல் வரியைச் சாற்றிலிருந்து சாராய அளவுக்கு மாற்றியபின், எந்த அதிகாரியும் கேட்காத எண்ணைத் தன் திருப்திக்காக மட்டும் அளப்பவன் இந்த வீட்டுக்காரன்.

அவனுக்காகக் காத்திருக்கும் பிழைகள் பேவர்ஸ்டாக்குக்காகக் காத்திருந்தவையே. நன்கு கலக்காத அண்டாவின் மேற்பகுதியில் எடுத்த சாறு இலேசாகவும், அடியில் எடுத்தது கனமாகவும் காட்டும். கோலை மெல்ல இறக்கி விரல் நுனியால் ஒரு சுழற்று சுழற்றிவிடாவிட்டால், குமிழிகள் ஒட்டிக்கொண்டு கோலைத் தூக்கி, இல்லாத சத்தை இருப்பதாகக் காட்டும். புளித்துக்கொண்டிருக்கும் பீரில் கரியமில வாயுவைக் குலுக்கிப் போக்காமல் அளப்பது இவ்வகையில் மிகவும் மோசம். கோலைச் சுற்றிச் சாறு சற்றே மேலேறி நிற்கும் விளிம்பில் பார்ப்பதா, சமமான மட்டத்தில் பார்ப்பதா என்பது கருவி செய்தவன் எதை உத்தேசித்தான் என்பதைப் பொறுத்தது. ஒளியை முறித்து அளக்கும் ரிப்ராக்டோமீட்டரில் இரண்டு துளிச் சாறு போதும். சாராயம் கலந்துவிட்டால் அதுவும் பிறழ்ந்து பேசும், கணக்கிட்டுத் திருத்தவேண்டும். கடையில் வாங்கிய கண்ணாடிக் கோலில் உள்ளேயிருக்கும் காகிதம் ஒரு மயிரிழை நழுவியிருந்தால் எல்லா எண்ணும் ஒரே அளவு தப்பும். அதனால் விஷயம் அறிந்தவர்கள் முதற்காரியமாக, கருவியின்மேல் குறித்த உஷ்ணத்தில், காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரில் அதை மிதக்கவிட்டு, 1000 என்று நிற்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் உள்ள வித்தியாசத்தைப் பெட்டியின் மூடியில் எழுதிவைக்கிறார்கள்.